வலி போனால் நோய் போய் விட்டதா?

மூட்டு வலி என்று யாராவது சொன்னால் நம் மக்களிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. 'வயதானால் வரத்தான் செய்யும்' என்பது ஒன்று. 'எல்லாம் வாய்வு' என்பது இன்னொன்று. 'மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போடு, சரியாகி விடும்' என்பது மூன்றாவது. இந்த மூன்று பதில்களும் சேர்ந்து எத்தனை பெண்களை அடுப்படியிலேயே முடக்கிப் போட்டிருக்கின்றன, எத்தனை உழைப்பாளிகளின் கைகளைக் கோணலாக்கி விட்டிருக்கின்றன என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வயோதிகத்தில் முழங்கால் தேய்வதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அது வேறு. முப்பது, நாற்பது வயதில், பெரும்பாலும் பெண்களுக்கு வரும் முடக்கு வாதத்தைப் பற்றியே எழுதுகிறேன். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஆண்களை விடச் சுமார் மூன்று மடங்கு பெண்களை இது தாக்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. அந்த இறுக்கம் ஐந்து, பத்து நிமிடங்களில் விலகாது. அரை மணி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். உடம்பெல்லாம் அசதியாக இருக்கும். ஆறு வாரம் கடந்தும் இப்படி இருந்தால் அதை வாய்வு என்று தள்ளி விட முடியாது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். காவலுக்கு நிறுத்தியவனே வீட்டுக்காரனை அடிப்பது போல! சவ்வு வீங்குகிறது; பிறகு குருத்தெலும்பை, அதன் பிறகு எலும்பையே அரிக்கிறது. இந்த அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பலருக்குத் தொடங்கி விடுகிறது. அரித்த எலும்பு திரும்ப வளர்வதில்லை. இந்தியாவில் வயது வந்தோரில் 0.75 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 1993ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஒரு மஹல்லாவில் ஏழெட்டுப் பேர் என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஏழெட்டுப் பேர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கே தெரியுமா?

என்னிடமே பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்து, 'ஹஜ்ரத், ஓதித் தாருங்கள், உம்மாவுக்குக் கை வீங்கி இருக்கிறது' என்று கேட்கிறார்கள். துஆச் செய்கிறேன். ஆனால் அந்தப் பாட்டிலோடு அப்படியே மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். சிலருக்கு இதில் வருத்தம்.

இரத்தம் சொல்லும் செய்தி

இந்த நோயைப் பொறுத்த வரை நம் இரத்தமே பல செய்திகளைச் சொல்லி விடுகிறது. ஈ.எஸ்.ஆர். என்ற பரிசோதனை நூறாண்டுப் பழமையானது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் வெஸ்டர்கிரன் 1921ல் வகுத்த முறையில் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். குழாயில் நிறுத்தி வைத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்பதுதான் கணக்கு. அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். சி.ஆர்.பி. என்பது ஈரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். 1930ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கூடத்தில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கே தீப்பற்றினாலும் இது உடனே ஏறும். தீ அணைந்தால் உடனே இறங்கும்.

ஆனால் இந்த இரண்டும் 'தீப் பிடித்திருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது. காய்ச்சலிலும் ஏறும், காச நோயிலும் ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும்.

எந்த வீடு என்று காட்டுவதற்கு வேறு இரண்டு பரிசோதனைகள் உள்ளன. ஒன்று, லேப்களில் 'ஆர்.ஏ. ஃபாக்டர்' என்று எழுதித் தருவது. 1940ல் நார்வே நாட்டின் வாலர் என்பவர் முதலில் கண்டது. இதில்தான் நம் மக்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் 'பாசிட்டிவ்' என்று வந்து விட்டாலே முடக்கு வாதம் என்று முடிவு கட்டி அழுகிறார்கள். நல்ல ஆரோக்கியமான முதியவர்களுக்கும், காச நோய், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் அது பாசிட்டிவ் ஆக வரலாம். மறுபுறம், முடக்கு வாதம் உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது அது 'நெகட்டிவ்' என்று வருகிறது. 'டெஸ்டில் ஒன்றும் இல்லை' என்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். வீங்கிய விரலைத் தொட்டுப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்ப்பதால் நேரும் அநியாயம் இது.

இரண்டாவது, ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை. 1990களின் இறுதியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கியது. இது பாசிட்டிவ் ஆக இருந்தால் முடக்கு வாதம்தான் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். எலும்பு அரிப்பு கடுமையாக இருக்கும் என்பதற்கும் அது அறிகுறி.

இரத்த தானம் செய்யும் இளைஞர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்தில் இரத்த வங்கியில் முன்பு இரத்தம் கொடுத்து, பிற்காலத்தில் முடக்கு வாதம் வந்த 79 பேரைத் தேடிப் பிடித்தார்கள். சேமித்து வைக்கப்பட்டிருந்த அவர்களின் பழைய இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 2004ல் முடிவு வெளியானது. ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டரோ ஆன்டி சி.சி.பி.யோ, வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது! விரல் வீங்கும் நாளில் நோய் பிறப்பதில்லை. அது முன்பே உள்ளே குடியேறி விட்டது.

அதை அழைத்து வருவதில் புகைக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் உருவாவதற்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். நோய் வந்த பிறகும் புகைப்பவர்களுக்கு மருந்து சரியாக வேலை செய்வதில்லை என்பதும் அங்கே கண்ட உண்மை. கடை வாசலில் சிகரெட் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் வியாபாரிகள் என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

1948ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்ற மருத்துவர், படுக்கையில் கிடந்த ஒரு முடக்கு வாத நோயாளிக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது, எலும்பு பொடிந்தது, மருந்தை நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பியது.

இது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ உலகம் படித்த பாடம். நம் ஊர்களில் இன்னமும் அதே ஸ்டீராய்டு மாத்திரைதான் ஒரு வலி மாத்திரையோடும் ஒரு வயிற்று மாத்திரையோடும் சேர்த்துச் 'செட்' ஆகக் கத்தரித்துக் கொடுக்கப்படுகிறது. சீட்டு இல்லை, பில் இல்லை. வாங்கிப் போனவர் மறுநாள் வந்து, 'பாய், உங்கள் மாத்திரை கை மேல் பலன்' என்று வாழ்த்துகிறார். கடைக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆறு மாதம் கழித்து அவருடைய எலும்பும் சிறுநீரகமும் என்ன நிலையில் இருக்கின்றன என்று இருவருக்குமே தெரியாது. நாட்டு மருந்துப் பொடி என்று சொல்லி விற்கப்படும் சிலவற்றிலும் இதே ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைப் பரிசோதனைகள் பலமுறை காட்டியுள்ளன.

மருத்துவரும் ஸ்டீராய்டு தருவார். தொடக்கத்தில், சிறிய அளவில், மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை. அதையும் படிப்படியாகக் குறைப்பார். மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! எடை குறைத்து விற்பதை எவ்வளவு பெரிய பாவமாக நினைக்கிறோம்! ஒருவரின் எலும்பை எடை குறைப்பதை மட்டும் வியாபாரம் என்று சொல்லிக் கொள்ள முடியுமா?

சென்னையில் படித்தவர் கொடுத்த மாத்திரை

முடக்கு வாதத்துக்கு இன்று உலகமெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். இதன் பின்னால் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்து வந்தார் என்பதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.க்குப் பதிலாகக் குறைந்த பட்டத்தோடு அனுப்பப்பட்டவர். அமெரிக்கா சென்றார். லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையிலான ஆய்வுக் குழுவிலிருந்துதான் இந்த வகை மருந்து பிறந்தது. முதலில் இரத்தப் புற்று நோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1951லேயே இதன் உடன்பிறப்பான மருந்தை முடக்கு வாதத்துக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். ஆனாலும் முறையான ஆய்வு 1985ல்தான் வெளியானது. அமெரிக்க அரசின் அனுமதி 1988ல்தான் கிடைத்தது. கிட்டத்தட்ட நாற்பதாண்டுகள்! மலிவான மருந்துக்கு வாதாட ஆள் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிக் கொள்ளுங்கள். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, இரத்த அணுக்கள் வற்றி, வாயெல்லாம் புண்ணாகி உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையை மாற்றாமல் ஒரே நாளாக வைத்துக் கொள்ள வேண்டும். மருத்துவர் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அவர் சொல்லும் வேறு நாளில் சாப்பிட வேண்டும். ஈரலையும் இரத்த அணுக்களையும் சில வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக் கொள்ள வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பத்து நாளில் வலி போகவில்லை என்று தூக்கி எறிந்து விட்டுப் பழைய 'செட்'டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ரமளானில் நோன்புக்காக மருந்தையே விட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாத்திரை, அதுவும் இரவில் சாப்பிடலாம் என்னும்போது நோன்பு எங்கே தடுக்கிறது? வெறும் வயிற்றில் விழுங்கும் வலி மாத்திரைதான் குடலைப் புண்ணாக்கும்.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தால் வரன் அமையாது என்று மறைத்து நிக்காஹ் செய்து கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள். மெத்தோட்ரெக்சேட் கருவில் இருக்கும் குழந்தையின் உறுப்புகளைக் கெடுக்கும். குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே, மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்தி, கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான ஹைட்ராக்சி குளோரோகுவின், சல்ஃபாசலசின் போன்ற மருந்துகளுக்கு மாற வேண்டும். முறையாக மாறியவர்கள் நல்ல குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள். ஒளித்து வைத்தவள் யாரிடம் கேட்பாள்? பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. சர்க்கரையைப் போலக் கட்டுப்பாட்டில் வைக்கக் கூடிய நோய்.

கணக்குப் பார்க்கும் வைத்தியம்

வியாபாரிகளுக்கு ஒன்றைச் சொன்னால் எளிதில் புரியும். கல்லாவில் பணம் நிறைந்திருப்பதைப் பார்த்து லாபம் என்று முடிவு கட்டுகிறவன் சீக்கிரம் கடையை மூடி விடுவான். வரவு, செலவு, கையிருப்பு, கடன் எல்லாவற்றையும் மாதா மாதம் பேரேட்டில் பார்க்கிறவன்தான் நிலைப்பான். முடக்கு வாதத்தில் வலி என்பது கல்லா. அதை மட்டும் பார்க்கக் கூடாது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஓர் ஆய்வு 2004ல் வெளியானது. சுமார் 110 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம் போல மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்தியம். மற்றப் பிரிவினரை மாதா மாதம் வரவழைத்து, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, எத்தனை மூட்டைத் தொட்டால் வலிக்கிறது, ஈ.எஸ்.ஆர். எவ்வளவு, நோயாளி தன் நிலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கூட்டி ஒரு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் இறங்கவில்லையென்றால் அன்றே மருந்தைக் கூட்டினார்கள். பழைய மலிவான மருந்துகள்தான். புதிய ஊசிகள் எதுவும் இல்லை. பதினெட்டு மாத முடிவில், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கே நோய் அடங்கியிருந்தது. அளந்து பார்த்து வைத்தியம் செய்யப்பட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு அடங்கியிருந்தது! மருந்து அதேதான். கணக்குப் பார்த்ததுதான் வித்தியாசம்.

ஊசி மருந்தும் காப்புரிமை மதில்களும்

மலிவான மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்கு உயிரியல் மருந்து எனும் ஊசிகள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுத்தால் என்ன என்று லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இரு ஆய்வாளர்கள் யோசித்தார்கள். 1992ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 1994ல் 73 பேரிடம் நடத்திய ஆய்வில், வெறும் திரவம் பெற்றவர்களில் 8 சதவீதம் பேரும், அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 79 சதவீதம் பேரும் நான்கு வாரங்களில் குணம் கண்டனர். சி.ஆர்.பி. சரசரவென இறங்கியது.

அறிவின் சாதனை இது; மறுப்பதற்கில்லை. அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த ஹுமிரா என்ற ஊசிக்கு 2002ன் கடைசி நாளில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை விற்கும் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை அடுக்கி மதில் கட்டியது. ஐரோப்பாவில் 2018லேயே மாற்று மருந்துகள் வந்து விட்டன. அமெரிக்க நோயாளிகள் 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022ல் மட்டும் அந்த ஒரு மருந்தின் விற்பனை 2,100 கோடி டாலருக்கும் மேல்! நம் நாட்டின் சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரிலேயே இதன் மாற்று மருந்தைக் குறைந்த விலையில் கொண்டு வந்தது என்பது பெருமைக்குரியது. குறைந்த விலை என்றாலும் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அது இன்னும் எட்டாத விலைதான்.

இதில் ஆபத்தும் உண்டு. டி.என்.எஃப். என்பது காச நோய்க் கிருமியை உடம்புக்குள் சிறை வைத்திருக்கும் காவலாளி. அதைத் தடுத்தால் கிருமி வெளியே வரும். இன்ஃப்ளிக்சிமாப் ஊசிக்குப் பின் காச நோய் வந்த 70 பேரின் விவரம் 2001ல் வெளியானது. காச நோய் மலிந்த நம் நாட்டில், நெஞ்சு எக்ஸ்ரேயும் காச நோய்ப் பரிசோதனையும் செய்யாமல் இந்த ஊசியைப் போட எவரும் சம்மதிக்கக் கூடாது. இன்னொரு வகை ஊசியான டோசிலிசுமாப், சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யும் கட்டளையையே தடுத்து விடுகிறது. மூட்டு வீக்கம் அப்படியே இருக்கும்போதும், கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கும்போதும் கூட லேப் காகிதம் 'எல்லாம் நலம்' என்று சொல்லும்! வலியை மட்டும் நம்புவது போலவே எண்ணை மட்டும் நம்புவதும் ஏமாளித்தனம்தான்.

விலை உயர்ந்த ஊசி இல்லாததால் தன் தாய்க்கு விமோசனமே இல்லை என்று எந்த மகனும் நினைக்க வேண்டியதில்லை. 2013ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு முழுமையாக அடங்காத 353 பேரை ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டனர்செப்ட் என்ற உயிரியல் ஊசியைச் சேர்த்தார்கள். மற்றப் பிரிவுக்கு சல்ஃபாசலசின், ஹைட்ராக்சி குளோரோகுவின் என்ற இரண்டு பழைய மாத்திரைகளைச் சேர்த்தார்கள். பலன் தராதவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 48 வாரங்கள் கழித்துப் பார்த்தால், மாத்திரையில் தொடங்கியவர்கள் ஊசியில் தொடங்கியவர்களை விடப் பின்தங்கவில்லை.

அதற்கும் அடங்காதவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு ஊசி தேவை. உலக சுகாதார நிறுவனம் 2019ல் இந்த ஊசிகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்றால் பணக்காரனுக்கு மட்டும் அத்தியாவசியமா?

இளைஞர்களின் முதுகு

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோய் இளைஞர்களைக் குறி வைக்கிறது. இருபது, இருபத்தைந்து வயதில் அடி முதுகு வலி. விடியற்காலையில் வலியே எழுப்பி விடும். ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். மூட்டை தூக்கியதால் வந்தது என்று பெல்ட் மாட்டிக் கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். கடைசியில் முதுகெலும்பு மூங்கில் போல ஒட்டிக் கொள்கிறது. இதற்கும் ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபு அடையாளத்துக்கும் உள்ள தொடர்பு 1973லேயே தெரிந்து விட்டது. அந்த அடையாளம் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. நோயாளிகளில் பலருக்குச் சி.ஆர்.பி. சாதாரணமாகவே இருக்கும். அறிகுறியையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். இந்த நோயில் வலி மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும்தான் முதல் வைத்தியம். எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாத நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் வேதாரண்யத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் மாதா மாதம் சென்னைக்கு ஓடி வர எந்த ஏழையால் முடியும்? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாளாவது இந்த நோய் நிபுணர் அமர வேண்டும், ஆன்டி சி.சி.பி. பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு அரசுச் செலவில் ஊசி போட வேண்டும். மாவட்ட ஆட்சியரின் மனு நாளில் இதைக் கேட்க ஒவ்வொரு ஊரிலிருந்தும் நாலு இளைஞர்கள் போனால் போதும். போகும்போது, மெத்தோட்ரெக்சேட் தரும் உறையின் மேல் சாப்பிட வேண்டிய கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதித் தர வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.